ஐம்பத்தொரு விழுக்காடு வானம்

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை, இரண்டாம் மாடி.
கீழே சுடும் வடையின் வாசனை
ஃபைல்களுக்குள் ஏறிப் படுத்திருக்கும் அலுவலகம்.
கம்பெனிகளைப் பெற்றெடுப்பது என் வேலை.
மூன்று நாளில் ஒன்று,
அவசரமென்றால் ஒன்றரை.

மார்ச்சில் வந்த கம்பெனிக்கு
நிலத்தில் எதுவும் தேவைப்படவில்லை.
கம்பம் வேண்டாம், கம்பி வேண்டாம்,
சாலையைத் தோண்ட மாநகர் மன்றக் கடிதம் வேண்டாம்.
எல்லாம் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் மேலே,
இப்போதும் ஒன்று உங்கள் தலைக்கு மேல் போகிறது என்று
வெள்ளைச் சட்டைக்காரர் கைகாட்டினார்.
எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

சட்டம் கேட்டது ஒன்றுதான்:
உள்ளூர்க்காரர் ஒருவர்,
நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

தத்தோ யோசிக்கவே இல்லை.
ஜன்னலைத் திறந்து
‘வடமலை, வண்டியைப் பூட்டிட்டு மேல வா.’

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
நான் பென்சிலால் புள்ளி வைத்த இடமெல்லாம்
கையெழுத்திட்டார், பதினான்கு இடம்.
பதினைந்தாவது தாள்
பங்குகளைத் திருப்பித் தரும் பத்திரம்.
அதில் கையெழுத்து உண்டு, தேதி இல்லை.
இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
மாதம் இருநூறு வெள்ளி சம்பளத்தோடு சேரும்.

படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டார்:
‘தங்கச்சி, அதுல எது எது நம்மளது?’

ஒருநாள் இரவு படம் ஒன்று அனுப்பினார்.
செந்தூல் அடுக்குமாடி, பதினேழாம் தளம்.
முழுக் கறுப்பு,
ஓரத்தில் யாரோ காயப்போட்ட பனியன்,
நடுவே எறும்புச் சாரியாய் வெளிச்சப் புள்ளிகள்.
கூடவே குரல்பதிவு:
‘மொதல்ல போறது அவனோடது, ரெண்டாவது நம்மளது,
மூணாவது அவனோடது…
நூறு முடிஞ்சா நமக்கு ரெண்டு கூட வரணும், இல்ல?’
அந்தப் படம் என்னிடம் வந்துசேர நாற்பது நிமிடம்.
அவர்கள் பிளாக்கில் இணையம் பிடிபடுவது
மாடிப்படியின் மூன்றாம் திருப்பத்தில் மட்டும்.
வீட்டுப்பாடத்தோடு பிள்ளைகள் அங்கே வரிசையில்,
அவர்களுக்குப் பின்னால் உரிமையாளர்.

இதைச் சொல்லியாக வேண்டும்:
சட்டம் பொய் சொல்லவில்லை.
வீட்டுக்குள் வரும் வெளிச்சத்துக்கு
சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கட்டும் என்றது.
எவனோ எங்கோ அணைத்தால் நாம் இருட்டில் கிடக்கக்கூடாது என்றது.
நாங்கள்தான்
சுவிட்சைப் போலொரு படம் வரைந்து
சுவரில் ஒட்டினோம்.
பினாமி என்று படிவத்தில் எழுதமாட்டோம்,
அதற்கு ஆங்கிலத்தில் கஞ்சி போட்டுத் தேய்த்த பெயர் ஒன்று உண்டு.

ஆகஸ்டில் தர்ஷாயினிக்குப் பள்ளி உதவித்தொகை இல்லையென்றார்கள்.
மேசைப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாளாம்:
தகப்பன், கம்பெனி இயக்குநர்.
‘கம்பெனி பெசார், அங்கிள்’ என்று சிரித்தாளாம்.
அரிசிக் கூப்பனும் நின்றுபோனது.

வடமலை என்மேல் கோபப்படவில்லை.
தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே
‘வானத்த எங்க வச்சிருக்கேன்னு கேக்குறாங்க,
என்னன்னு சொல்றது?’

பெட்டியின் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.
நான் திறக்கவில்லை.
தத்தோவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்கவும் இல்லை.

நவம்பரில் கடிதம் வந்தது.
விதி தளர்ந்துவிட்டது,
இந்த வகை உரிமத்துக்கு உள்ளூர்க்காரர் தேவையில்லை,
வெளியார் நூற்றுக்கு நூறும் வைத்துக்கொள்ளலாம்.
வெள்ளைச் சட்டைக்காரர் பழக்கூடை அனுப்பியிருந்தார்,
தத்தோவுக்கு.

பெட்டியைத் திறந்தேன்.
ஈட்டுத்தொகை ஒரு வெள்ளி என்று பத்திரத்தில் இருந்தது.
கம்பெனிக் கணக்கில் சில்லறை இல்லை,
என் பர்ஸிலிருந்து கொடுத்தேன்.
அவர் இரு கையாலும் வாங்கினார்.

‘இனி கூப்பன் கிடைக்குமா?’
‘கணினியில பேரு போக ஆறு மாசம் ஆகும், அண்ணே.’

தேதி போட்டேன்.
எட்டிப் பார்த்தார்.
‘இது நேத்துத் தேதி ஆச்சே?’
‘ஆமா, நேத்தே மாத்தினதா இருக்கணும்.’

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கீழே யாரோ வடைக்குச் சட்னி கேட்டார்கள்.

‘அப்போ
நேத்து ராத்திரி நான் எண்ணினது?’

முத்திரை மையைத் தேடுவதுபோல்
மேசைக்கடியில் குனிந்தேன்.