ஆஃப்

சுவிட்சின் கீழே எழுதியிருக்கும் சொல்,
அணை என்று பொருள், அவ்வளவுதான்
என்று நினைத்திருந்தேன்.

கிரிம்ஸ்பியில் முதல் இரவு.
நாலரைக்கு அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றாள் அறைத்தோழி வியோலெட்டா.
அணைந்து தொலைக்குமே என்று பயந்து
விழித்தே கிடந்தேன்.
அது அலறியது.

மீன் ஆலையில், வழுக்கும் தரையில்,
ஒரு ஹேடக்கை மூக்கருகே தூக்கிப் பிடித்து
'திஸ் ஒன்ஸ் கான் ஆஃப்' என்றாள் மொரீன்.
எங்கும் போகவில்லை அது.
கண் திறந்தபடி அவள் கையிலேயே கிடந்தது.
நாற்றம்தான் பொருள் சொன்னது.

நாலு மணிக்கு 'நாக் ஆஃப்' என்றால்
யாரையும் தட்ட வேண்டாம்,
பூட்ஸைக் கழற்றலாம்.

என் லாத்விய மொழியில் இந்தப் பொடிச் சொற்கள்
வினையின் நெற்றியோடு ஒட்டிப் பிறக்கும்.
இங்கே கழன்று, இரண்டடி தள்ளி நிற்கின்றன,
நடுவில் யாரோ வந்து உட்காரப்போவது போல.
வாக்கியம் முடியும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கிழிந்த மீன்பெட்டி அட்டை ஒன்றில்
எல்லாவற்றையும் எழுதிவைத்தேன்.

மூன்று பெட்டி கேட்டால்
என் நாக்கில் அது மரம் என்று விழும்.
'ஓக்கா, பைனா?' என்பான் கீத், தினமும்.
ஒருநாள் மொரீன் கத்தியைக் கீழே வைத்தாள்.
'லே ஆஃப் ஹர், கீத்.'
லே என்றால் கிடத்து, பரப்பு, முட்டையிடு.
அன்றிரவு அட்டையில் எழுதினேன்:
லே ஆஃப் – சீண்டாதே, அவளை விடு.
சுற்றி ஒரு கட்டமும் போட்டேன்,
அதற்கு மட்டும்.

பிப்ரவரியில் சாப்பாட்டறைச் சுவரில் ஒரு தாள்.
நாற்பத்தொரு பெயர்கள்.
மேலே தடித்த எழுத்தில்: லெய்ட் ஆஃப்.
நான் சிரித்தேனாம்.
வியோலெட்டா பிறகு சொன்னாள்.
இனி எங்களை யாரும் சீண்டமாட்டார்கள் என்று
ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம்,
நம்பியிருக்கிறேன்.

மொரீனின் பெயர் என் பெயருக்கு இரண்டு வரி மேலே.
இருபத்தாறு வருடம்.
'அதே சொல்லா?' என்று கேட்டேன்.
யோசித்தாள். 'அதே சொல்தான், லவ்.
நானும் இப்போதுதான் கவனிக்கிறேன்.'

கடைசி வெள்ளி, பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.
'ஐ'ல் சீ யூ ஆஃப்.'
பஸ் டாக் ரோடு திரும்பும்வரை
தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

அட்டையில் இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்:
சீ ஆஃப் – கண் மறையும்வரை நில்.

அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது: விரட்டு.
அதை எழுதவில்லை.