நான்காவது கால்

பால் கூட்டுறவின் புதுத் தொட்டிக்கு மூன்று கால்.
காலடிக்கு ஒன்றாக லோடு செல்,
கையடக்க எஃகுத் துண்டு.
முப்பது டன் ஏறினால்
அரை மில்லிமீட்டர் அமுங்கும்.
அந்த அமுங்கல்தான் எடை.

கொலோனியா மாவட்டத்தில்
தார்ச்சாலை முடிந்து யூகலிப்டஸ் தொடங்கும் இடம்.
நேலிதா எச்சார்த்தே வந்து பத்து நாள்.
அடித்தகட்டின் கீழ் மெல்லிய தகடு செருகிச் செருகி
மூன்று காலுக்கும் சுமையைப் பங்கிட்டாள்.
பாம்பெரோ வீசினால்
வெறுந்தொட்டி எகிறும் என்று
தடுப்புக் கம்பி போட்டாள், தளர்வாக:
தொடவும் கூடாது, விடவும் கூடாது.

இன்று தண்ணீர் ஏற்றிச் சரிபார்ப்பு.
ஐந்து டன்னில் பத்துக் கிலோ குறைவு.
பத்தில் இருபது.
இருபதில் நாற்பது.
இவ்வளவு ஒழுங்காக வளரும் பிழைக்குப் பின்னால்
ஓர் ஆள் இருப்பான்.

சந்திப் பெட்டியைத் திறந்தாள், ஈரமில்லை.
டார்ச்சோடு தொட்டிக்கடியில் ஊர்ந்தாள்.
வெளியேற்றுக் குழாயின் கீழே
வரைபடத்தில் இல்லாத ஒரு முட்டு.
புதுப் பெயின்ட்.
மீன் செதிலாய் அடுக்கிய அழகான வெல்டிங்.

"குழாய் பாவம், தொங்கிக்கொண்டு நின்றது,"
என்றார் வாஷிங்டன் பெந்தன்கூர்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
"ஒரு கைதாங்கல்தானே."

நாற்பது கிலோ
ஒரு பசுவின் இரண்டு நாள்.
பசுவுக்குச் சொந்தக்காரர் எவரோ
அதைக் கேட்காமலே இழந்திருப்பார்.
நேலிதா இதைச் சொல்லவில்லை.
"நீங்கள் தாங்குவது தொட்டிக்குத் தெரியும், பெந்தன்கூர்.
தராசுக்குத் தெரியாது."

அவர் மாத்தேயை உறிஞ்சி முடித்தார். அவசரமில்லாமல்.
பிறகு பொறி பறக்க அறுத்தார்.
முட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போயிற்று,
இடையில் ரப்பர் குழாய்.
வெல்டிங் கம்பி தொடுமுன்
மூன்று செல்லின் இணைப்பையும் அவள் கழற்றினாள்:
மின்சாரம் எப்போதும் குறுக்கு வழி தேடும்,
உள்ளே இருப்பதோ மயிரிழை.

மறுபடி தண்ணீர்.
இருபதுக்கு இருபது.

"நான் ஏறட்டுமா?"
பதில் வருமுன் உச்சியில் நின்றார்.
திரையில் தொண்ணூறு கூடியது.
"எண்பத்தேழு!" என்று மேலிருந்து கத்தினார்.
"அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ண வரும்."
"பூட்ஸைக் கழித்தால்—"

தெற்கே யூகலிப்டஸ் சாய்ந்தது.
கடைசி எண் நிலைகொள்ளவில்லை:
தொண்ணூறு, நூறு, தொண்ணூறு.

தமிழில் காற்றுக்கும் கால் என்று ஒரு பழம்பெயர்.
நேலிதாவுக்கு அது தெரியாது.
"இறங்குங்கள்," என்றாள்.