ஐந்தாவது குறுக்கு

கோனாபட்டு ஊருணியின் தென்கரையில்
இரண்டு பாம்புகள் ஒரே கல்லில்
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன.
அரசமரத்து வேர் முட்டி
அடியில் விரிசல் விட்டுவிட்டது.
புதுக்கல்லுக்கு அளவெடுக்க வந்திருக்கிறேன்.

தாளை ஒட்டிக் கரித்துண்டால் தேய்த்தேன்.
முதலில் படங்கள் விரிந்தன, நடுவே ஒரு லிங்கம்,
பிறகு உடல்கள்,
ஏறியும் இறங்கியும்
ஏழு இடத்தில் குறுக்கிட்டு, வால்நுனி வரைக்கும்.

இடப்பக்கத்துப் பாம்பை விரலால் பிடித்துக்கொண்டு போனேன்.
மேல், கீழ், மேல், கீழ்,
கீழ்.
என் விரல்தான் தவறியது என்று
தலையிலிருந்து மறுபடி.
மேல், கீழ், மேல், கீழ், கீழ், கீழ், மேல்.

அன்றிரவு காரைக்குடி லாட்ஜில்
சார்ஜர் ஒயரையும் இயர்போன் ஒயரையும்
அதே வரிசையில் முறுக்கி
இரண்டு முனையிலும் இழுத்தேன்.
ஒரு சுற்று
சத்தமில்லாமல் கழன்றது.

பட்டறையில் சூசை திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
“கொத்தினவர் அசந்துட்டார் போல மேடம்.
நேராக்கிடவா? ஒரு கிளிக்குதான்.
மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்,
சரிக்கும் பதினோரு மணி நேரம்
தப்புக்கும் பதினோரு மணி நேரம்.”
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
நாலு குறுக்கை ஒழுங்காகப் போட்டவன்
ஐந்தாவதில் யாரை நினைத்துக்கொண்டான்?
கூலிபாக்கியா, மனைவியா, வெயிலா
என்று பஸ்ஸில் ஒரு கதையே கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. கூட்டுறவு வங்கிக்குப் போகிற வழியில்
சிகப்பி ஸ்கூட்டியை நிறுத்தினார்.
ஆவின் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து
இரண்டு தலைக்கும் சமமாக ஊற்றினார்.
மஞ்சள் குழைத்துப் பூசும்போது சொன்னார்:
“எத்தனை மழை பெஞ்சாலும்
இந்த ஒரு எடத்துல மட்டும் மஞ்சள் போகாதுங்க.”

அவர் விரல் வைத்த இடம்
ஐந்தாவது குறுக்கு.

அவர் போனபின் குச்சியால் சுரண்டினேன்.
வருஷக்கணக்கான மஞ்சள்
அடுக்கடுக்காய்ப் பெயர்ந்து வந்தது.
உள்ளே ஒரு பள்ளம்,
நகம் அளவு, சில்லு தெறித்த வாய்.
கல் அங்கே அவனுக்குக் கொடுக்கவில்லை.
மேலே போகவேண்டிய உடம்பு உடைந்துவிட்டது;
உளியைக் கீழே வைத்திருப்பான்,
வாயில் புகையிலை அடக்கியிருப்பான், தெரியாது,
பிறகு உடைந்ததைக் கீழே அனுப்பி
மற்றதை அதன்மேல் ஏற்றிவிட்டு
ஆறாவதுக்குப் போய்விட்டான்.

நான் கட்டிய கதையில்
அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்திருந்தேன்,
ஒரு நல்ல கல்லைக் கொடுக்கத் தோன்றவில்லை.

சூசைக்குப் போன் போட்டேன்.
“இருக்கிறபடியே விட்டுடவா மேடம்?”
வேண்டாம், புதுக்கல்லில் சில்லு இல்லையே.
மேலேயே போகட்டும்.
வெட்டும்போது தெறித்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

காலை ஆறு மணிக்கு மெஷினைப் போட்டதாகச் சொன்னார்.
இப்போது மூன்றரை.
அநேகமாக நாலாவது குறுக்கு முடிந்திருக்கும்.