முதன்மைத் தொழில்: ஆம் / இல்லை

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
ஒரேயொரு கேள்விக்குத்தான் தயங்கினேன்.
இதுவா உங்கள் முதன்மைத் தொழில்?
உப்புவெளி ஹோட்டலில் கணக்கெழுதத் தொடங்கி நாலு வருஷம்.
அதற்கு முந்தியே, மாதம் தவறாமல்,
வங்கியில் விழுகிறது உங்களுடைய ஓய்வூதியம்,
விதவைக்கு என்று வெட்டியதுபோக மிஞ்சிய பங்கு.
முந்தி வந்தது எதுவோ அதுதானே முதன்மை?
'இல்லை'க்கு நேரே சரி அடையாளம் போட்டேன்.

அந்த மாதமே
சம்பளத் துண்டில் புதிதாய் ஒரு வரி:
வரி.
முதல் ரூபாயிலிருந்தே அறுத்திருந்தார்கள்.
சீசனில் சேவைக் கட்டணம் ஏற, அதுவும் ஏறியது.
மாரியில் கடல் கறுத்து அறைகள் பூட்டிக் கிடக்க
அது மட்டும் வெளிக்கிடாத விருந்தாளி.
வரவேற்பு மேசையில் நிற்கிற றொஷாந்த்தான் கண்டுபிடித்தான்:
"அன்ரி, உங்களுக்கு ரெண்டு வேலை எண்டு
நினைச்சிருக்கிறாங்கள்."

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.
பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
என் பையில் துருத்தி நின்ற தாளை இழுத்து
நின்ற நிலையிலேயே மென்றது.
ஏப்ரல் தொட்டு மார்ச் வரைக்குமான பிடித்தச் சான்றிதழ்.
நல்ல வேளை, பிரதி.
இந்த ஊரில் மானுக்கு யாரும் கை ஓங்குவதில்லை.
ஒரு வருஷ வருமானத்தை விழுங்கிவிட்டு
இன்னும் இருக்கிறதா என்பதுபோல
என்னையே பார்த்தது.

இறைவரிக் கந்தோரில், மேசையில் நிப்ராஸ் என்று பெயர்.
கடதாசிகளை அவர் பக்கம் பக்கமாய் அடுக்கினார்.
நான் உயிரோடிருக்கிறேன் என்று
கிராம உத்தியோகத்தர் வருஷாவருஷம் ஒப்பமிடுவது ஒன்று.
நான் வேலைக்குப் போகிறேன் என்று ஹோட்டல் சொல்வது மற்றது.
இரண்டும் உண்மையென்று
ஒரே கடதாசியில் எங்கேயும் இல்லை.

"ஓய்வூதியம் தொழிலில்லை, மிஸிஸ் கனகேந்திரன்.
அதை இந்தக் கூட்டில் எழுதுங்கோ, விலக்கு.
சம்பளத்தோட சேர்த்துக் கூட்டாதேங்கோ.
ஹோட்டல்தான் உங்கட முதன்மைத் தொழில்.
கூடக் கழிச்சதை விபரத்திரட்டில் கேக்கலாம்,
வரச் சுணங்கும்."
பிறகு, மரியாதையாகத்தான் சொன்னார்:
"அந்தக் காசுக்கு நீங்கள் வேலை செய்யேல்லைத்தானே."

நான் தலையாட்டினேன்.

ரெண்டாயிரமாம் ஆண்டு மார்கழிப் புயலில்
கதவைத் திறக்க வீடு விசிலடித்தது.
நீங்கள் மழைமானியடியில் குந்தியிருக்க
டோர்ச்சைப் பிடித்தது யார்?
விடிய ஐந்தரை அளவீட்டுக்கு
நாலே முக்காலுக்குத் தேத்தண்ணி.
பிறகு அந்த ஐப்பசி,
காய்ச்சல் உங்களை எழும்ப விடாத மூன்று நாள்.
உங்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
கண்ணாடிக் குழாயைக் கண்மட்டத்துக்குப் பிடித்து
வாசித்தேன்: நாற்பத்தொன்று தசம் ஆறு.
மறுநாள் பன்னிரண்டு தசம் மூன்று.
மூன்றாம் நாள் 'சுவடு' என்று எழுதினேன்,
அளக்க முடியாத அளவு நனைந்தால்
அப்படித்தான் எழுத வேண்டுமென்று
கட்டிலில் கிடந்தபடி நீங்கள் சொல்லித்தர.
ஒப்பமும் உங்களுடையதையே போட்டேன்.
'க'வின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.
கேட்க ஒருவரும் வரவில்லை.

"வேற வருமானம், காட்டாமல் விட்டது, ஏதும்?"
வட்டியைக் கேட்கிறார்.
ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கிறது,
நூற்றுச் சொச்சம். அதைச் சொன்னேன்.

"அவ்வளவுதானே?"
"அவ்வளவுதான்."

'ஆம்' என்பதற்கு நேரே அவர் விரல் வைத்த இடத்தில்
சரி போட்டு, கீழே
என் ஒப்பத்தை, என்னுடையதையே, இட்டேன்.
வெளியே தூறல்.
படிவத்தின் பிரதியை மடித்து
பையின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.
மழைக்கல்ல,
மானுக்கு.