கேட்டது யாரை

ஞாயிறு மாலை ஏழு நாற்பது. சாட்ஸ்வர்த்.
ஒன்பதுக்கு மின்சாரம் போகும்.
மின்வெட்டு அட்டவணையில் மட்டும்தான்
இந்த நகரம் சொன்ன சொல் தவறுவதில்லை.
கிளினிக்கின் பின்னறையில்
பழைய எக்ஸ்ரே உறைகள், ஒரு சர்வர்,
மத்தியானத்திலிருந்து நான்.

நாளை ஆறரைக்கே வரிசை நின்றுவிடும்:
சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை,
மாதாமாதம் வாங்குகிற முந்நூறு பேர்.
அவர்களுக்கு டோக்கன் தரும் பக்கம்
வெள்ளிக்கிழமை இரவிலிருந்து வெள்ளையாக இருக்கிறது.
பிழை என்றுகூட ஒத்துக்கொள்ளாத வெள்ளை.

லாகைத் திறந்தேன். அங்கே பேசியிருந்தது,
இரண்டாயிரம் தடவை, ஒரே பேச்சு:
மாட்யூலின் எண் 20190902
பிஎச்பியின் எண் 20220829
இவை பொருந்த வேண்டும்.

பொருந்த வேண்டும். சரி.
ஜாதகம் பார்ப்பவர்கூட
பரிகாரம் ஒன்றைக் கையோடு சொல்லி அனுப்புவார்.

கறுப்புத் திரையில் கேட்டேன்: உன் பதிப்பு என்ன?
ஏழு புள்ளி நான்கு.
டேட்டாபேஸ் மாட்யூல் இருக்கிறதா?
இருக்கிறது.
ஏறுகிறதா?
ஏறுகிறது.
பிரவுசரில் பார்த்தால் வெள்ளை.

அழித்து மறுபடி நிறுவினேன். வெள்ளை.
அமைப்புக் கோப்பின் பெயர் ‘இனி’ என்று முடியும்.
இனி என்ன, என்று அதையே கேட்கத் தோன்றியது.
அதன் தலையில் பிரகேசன் விட்டுப்போன குறிப்பு:
தொடாதே. ஏனென்று எனக்கும் தெரியாது.

பிரகேசன் பெர்த்தில் இருக்கிறான். அங்கே நடுநிசி தாண்டிவிட்டது.
ஆனாலும் செய்தி அனுப்பினேன்.
சிபோங்கிலே எட்டிப் பார்த்து
ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்றாள்,
நான் கேட்காமலேயே.

எட்டேகாலுக்குத்தான் உறைத்தது.
ஒரே ஒரு வரியில் ஒரு பக்கம் எழுதி
சர்வரின் வாயாலேயே சொல்ல வைத்தேன்.
ஊதாப் பட்டையில், கொட்டை எழுத்தில் சொன்னது:
எட்டு புள்ளி இரண்டு.

ஒரே பெட்டிக்குள் இருவர்.
வெள்ளி இரவு தானாக இறங்கிய அப்டேட்
சர்வரைப் புதியவனிடம் கொடுத்துவிட்டு
கறுப்புத் திரையைப் பழையவனிடமே விட்டிருக்கிறது.
புதியவனோ, பிரகேசன் எழுதிவைத்த முகவரியில் போய்
பழையவனுடைய மாட்யூலைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறான்,
இரண்டாயிரம் தடவை.

நான் விசாரித்தவன் பொய் சொல்லவில்லை.
அவன் தன்னைப் பற்றித்தான் சொன்னான்.
நான்தான் அதை
ஊர்ச் செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

எட்டு நாற்பத்தொன்று.
புதியவனுக்கு ஏற்ற மாட்யூலை இறக்கலாம்தான்.
ஆனால் டோக்கன் நிரல் முழுக்கப் பழைய பேச்சு,
அதில் பாதியைப் புதியவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.
முந்நூறு பேர். பத்தொன்பது நிமிடம்.
புதியவனை இறக்கினேன். பழையவனை ஏற்றினேன்.
ரீஸ்டார்ட்.

வெள்ளை.
வெள்ளை.
பிறகு ஒரு பச்சைப் பொத்தான்,
ஆங்கிலத்திலும் ஸுலுவிலும்: அடுத்த எண்.
அழுத்தினேன். சின்ன பிரிண்டர் கரகரத்துத் துப்பியது.

ஜெயித்தேனா, தெரியவில்லை.
பழையவனின் ஓட்டைகளை அடைக்க
இனி எங்கிருந்தும் யாரும் வரப்போவதில்லை.
பிரகேசனின் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:
தொட்டேன். இங்கே இருவர் இருக்கிறார்கள்.
எவனிடம் கேட்கிறாய் என்று பார்த்துக் கேள்.
டிசம்பருக்குள் புதியவனுக்கு மாற்றியாக வேண்டும்.
சரோஷ்னி.

சேமித்தேன்.
எந்த டிசம்பர் என்று சேர்ப்பதற்குள்
எல்லாம் அணைந்தது.
ஒன்பதுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

இருட்டில் யுபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருக்க
சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினேன்.
கையில் வந்தது காகிதம், 001.
நாளை ஆறரைக்கு முதலில் வந்து நிற்பவர்
002 கையில் வாங்கி
தனக்கு முன்னால் யாரென்று
திரும்பிப் பார்ப்பார்.