வெட்டாத பதிவு

என் கைகள் இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை.
தொப்புளருகே ஒரு துளை, மேலே மூன்று.
வயிற்றைக் காற்றால் ஊதி
திரையைப் பார்த்தபடி நிற்கிறேன்.
கை இடப்பக்கம் போனால்
கருவியின் முனை வலப்பக்கம் போகும்.
அது பழகவே இரண்டு வருடம்.
செருப்புப் பெட்டிக்குள் வெப்கேம் செருகி
விடுதி அறையில் திராட்சைத் தோல் உரித்த இரவுகள்
என் தன்விவரக் குறிப்பில் இல்லை.

இருப்பவை: கட்டுரைகள் முப்பத்தொன்று,
வழிகாட்டிய ஆய்வேடுகள் பதினான்கு,
இரண்டு இடமாற்றங்கள்.
கேமரா பிடித்து நின்ற நாலரை வருடத்துக்கு
'பயிற்சி' என்று ஒரே சொல்.
"அடிவானம் சாயுது பூங்கோதை" என்று
அதட்டுவார் அப்போதைய துறைத் தலைவர்.
வயிற்றுக்குள் ஏது அடிவானம்?
இருந்தது. ஈரலின் விளிம்பு.

பிலோமினா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டார்:
"வஞ்சிரம் கழுவும்போது பிச்சு உடைஞ்சா
கொழம்பே கசந்துடும்.
உடைக்காம எடுத்துடுவியா?"
எடுப்பேன் என்றேன்.
அது என் எண்ணூற்றுப் பன்னிரண்டாவது பித்தப்பை.
ஆம், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்தேழாம் நிமிடம்.
உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது,
மின்ட் தெரு சுவரில் சுவரொட்டி மேல் சுவரொட்டி போல.
பையின் காம்பு என்று நினைத்தேன்.
காம்பு அல்ல,
ஈரலிலிருந்து வரும் வாய்க்கால்.
கிளிப். இன்னொரு கிளிப். கத்தரி.
மஞ்சள் கசிந்தது.
பெரிதாக்கிய திரையில் அது அழகாக இருந்தது,
அதுதான் கொடுமை.
கேமரா பிடித்த முதுகலை மாணவன் நவாஸின் கை
ஆடவில்லை. அடிவானம் நேராகவே இருந்தது.

"திறக்கிறேன்."
வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண்.
கை உள்ளே போனதும்
சூடு.
மறந்தே போயிருந்தேன்,
மனிதர்கள் உள்ளே இவ்வளவு சூடு என்று.
சிறுகுடலை மேலே இழுத்து
ஈரல் வாசலில் தைத்து முடிக்க
மணி ஐந்தேகால்.

மூன்று மாதம் கழித்துக் கிண்டியில்
குளிரூட்டிய ஹோட்டலில் மாநாடு.
ஆளுக்கு எட்டு நிமிடப் பதிவு.
பின்னணியில் வீணை,
ரத்தம் பார்க்காத வயிறுகள்.
மறுவாரம் எனக்குப் பதவி உயர்வுக் குழு.
வெட்டுவதே தொழில்,
அந்தப் பதிவை மட்டும் வெட்டவில்லை.
இருபதாம் நிமிடத்திலிருந்து ஒலியோடு ஓடவிட்டேன்.
"காம்புதானே?" என்கிறது என் குரல்.
நாலு விநாடி, யாரும் பேசவில்லை.
பிறகு நானே, "காம்புதான்."

மணி அடிக்க வேண்டியவர் அடிக்க மறந்தார்.
ஒருவர் எழுந்து
கிளிப் எந்தக் கம்பெனி என்று கேட்டார்.
கை கழுவுமிடத்தில்
சேலத்திலிருந்து வந்திருந்த சின்னப் பெண்
கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்:
"அந்த நாலு விநாடி, மேடம்...
போன மாசம் எங்க தியேட்டர்லயும் வந்துச்சு.
எனக்குப் பதில் தெரியும்."
குழாயை மூடாமல் போய்விட்டாள்.

குழு இந்த முறை இல்லை என்றது.
காரணம் வேறாகவும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு
பிலோமினா வருகிறார்.
வார்டில் மூன்றாம் நாளே சொல்லியிருந்தேன்:
பிச்சு உடையல, அதவிடப் பெரிசு ஒண்ண
நான் வெட்டிட்டேன்.
அன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.
இன்று தழும்பைக் காட்டியபடி பேசுகிறார்:
"முப்பது வருசத்துல நானும் எத்தினியோ உடைச்சிருக்கேன்.
அப்போ என்ன பண்ணுவேன் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"வாங்க வந்தவங்ககிட்ட சொல்லவே மாட்டேன்."

சேலையை இறக்கிவிட்டு
அடுத்து எப்போ வரணும் என்று
சீட்டை நீட்டினார்.