நான்கு நிமிடம் பத்து நொடி

பச்சைத் துணிக்கு முன்னால்
அரை நாள் நிற்கச் சொன்னார்கள்.
நின்றேன்.
ஒன்று முதல் நூறு வரை எண்ணினேன்,
மாதங்களின் பெயர்களைச் சொன்னேன்,
பிறகு மகிழ்ச்சியாக, பிறகு அக்கறையாக, பிறகு ஒன்றுமே இல்லாமல்
நாற்பது முறை வணக்கம்.
அதற்குச் சம்பளம் கிடையாது.
ஒரு பரிசுச் சீட்டு தந்தார்கள்.
மழைக் காலணி வாங்கிக்கொண்டேன்.
காற்று குடையை முறித்துப்போடும் ஊர் இது.

இப்போது லீபாயாவில்
வீட்டுக்கடன் கேட்கும் எல்லோரிடமும்
நான்தான் பேசுகிறேன்.
தூங்கும்போதும் பேசுகிறேன்.
ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறேன்,
அவரவர் தவணையைச் சென்ட் பிசகாமல் சொல்கிறேன்.
எனக்குத் தட்டுத்தடுமாறி வரும் ரஷ்ய மொழி
அங்கே தடுக்கி விழுவதே இல்லை.
ஓர் எழுத்துகூடத் தெரியாத உக்ரைன் மொழியிலும்
வெளுத்து வாங்குகிறேனாம்.
ஒலேஸ்யா என்றொரு பெண்
கவுண்டரில் என்னைக் கண்டதும்
மடை திறந்ததுபோல் கொட்டினாள்.
நான் விழித்தேன்.
அவள் முகம் சுருங்கியது.
ஏன் என்று விளக்க
எங்களுக்குள் ஒரு மொழியும் இல்லை.

நல்ல காணொளிதான், பழி சொல்ல மாட்டேன்.
அதில் ஒரு சாம்பல் நிறச் சுவர் வருகிறது.
முதல் மாதத் தவணை கட்டியதும்
கால் செங்கல் மட்டும் சிவக்கிறது.
மிச்சமெல்லாம் வட்டிக்குப் போயிற்று.
பதினேழு வருடம் நான் தொண்டை வற்றச் சொல்லி
யாருக்கும் விளங்காதது
அந்தக் கால் செங்கலில் விளங்கிவிடுகிறது.

ஒரே ஒரு குறை.
'வட்டி இரண்டு சதவீதம் ஏறினால்' என்று
சொல்லும் இடத்திலும்
என் முகத்தில் புன்னகை இருக்கிறது.
அந்த இடத்தில் நான் புன்னகைப்பதில்லை.
மேசைமேல் பேனாவைக் கொஞ்சம் நகர்த்துவேன்.
தண்ணீர் வேண்டுமா என்பேன்.
பேனாவை யாரும் படமெடுக்கவில்லை.

சனிக்கிழமை, ரொட்டிக் கடை வரிசை.
எனக்குப் பின்னால் விஸ்வால்டிஸ்,
துறைமுகத்தில் தானியக் கிடங்கு வேலை,
காலரில் கோதுமைத் தூசு.
"நீங்கள்தானே?"
நான்தான், ஆனால் நான் இல்லை
என்று சொல்ல வாயெடுத்து
"ஆமாம்" என்றேன்.

"நேற்று ராத்திரி உங்களை
நான்கு நிமிடம் பத்து நொடியில் நிறுத்தினோம்.
இல்காவுக்கு இருமல். தேநீர் போடப் போனோம்.
அடுப்படியிலேயே சண்டை வந்துவிட்டது,
இந்தத் தவணையால்தான்.
அவள் அம்மாவை நான் இழுத்தேன்,
அவள் என் பழைய காரை இழுத்தாள்.
திரும்பி வந்து பார்த்தால்
வாயைப் பாதி திறந்தபடி
எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.
இல்காவுக்கு ஒரே வெட்கம்.
உங்களிடம் மன்னிப்புக் கேட்டாள்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"ஒன்று கேட்கலாமா?
அதில் கேட்டால் ஆலோசகரை அணுகவும் என்கிறது."
"கேளுங்கள்."
"நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?"

இந்தக் கேள்விக்கு
எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.
'ஒவ்வொரு குடும்பத்தின் சூழ்நிலையும்...'
தொடங்கிவிட்டேன்.
குரல் அப்படியே காணொளிக் குரல்.
ஏற்ற இறக்கம்கூட அதே.
நிறுத்தினேன்,
வாயைப் பாதி திறந்தபடி.

அவர் காத்திருந்தார்.
தேநீர் போட எங்கும் போகவில்லை.

"எனக்கும் இருக்கிறது" என்றேன்.
"இன்னும் பத்தொன்பது வருடம்.
போன முறை வட்டி ஏறியபோது
நாங்களும் காரை விற்றோம்."
அவர் குனிந்து என் காலணியைப் பார்த்தார்.
சேறு இன்னும் காயவில்லை.
"நடந்துதான் வந்தீர்களா?"
"நடந்துதான்."

"கறுப்பு ரொட்டி எத்தனை?" என்றாள் கடைக்காரி.
இரண்டு என்றார்.
அவள் காகிதப் பையைப் பிரித்த பிறகு
ஒன்று போதும் என்றார்.

திங்கட்கிழமை அவர்
கையெழுத்துப் போட வந்தாரா இல்லையா
என்று வெளியே சொல்ல
எனக்கு அனுமதி இல்லை.